டீ கொட்டாத லேப்டாப்

1. தராசுக் கடை

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது திண்டிவனத்தில் ஒரு எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் கடையில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஐ.டி.ஐ. முடித்த பெண்பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்ள ஊரில் வேறு எந்தக் கடைக்காரரும் தயாராக இல்லை. இவர் வைத்துக்கொண்டார். அதற்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு அவரைத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

முதல் நாள் தராசுக்குள் இருக்கும் சர்க்யூட் கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கோளாறு என்று தடவிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து பார்த்தார்.

“இன்னாத்துக்கும்மா இவ்ளோ நேரம் நோண்டிக்கினு கீற? டெட்டுன்னா டெட்டு. கார்ட மாத்து, பில்லப் போடு, அடுத்தத எடு.”

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இவ்வளவுதான்.

எங்கள் வாடிக்கையில் ஒரு தானிய குடோன் இருந்தது. அங்கே இருந்த பெரிய தராசு அடிக்கடி நின்றுபோகும். போய் கார்டை மாற்றுவோம். கொஞ்ச நாளில் புது கார்டும் போய்விடும். மற்ற இடங்களில் வருஷக்கணக்கில் ஓடும் கார்டு அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் நிற்பதில்லை என்று முதலாளியிடம் கேட்டேன். “எலி கடிச்சிருக்கும்” என்றார். கழற்றிக்கொண்டு வந்த கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட எலிப் பல் படவில்லை. செம்பு தெரிகிற இடமெல்லாம் அடுப்புக்கரி பூசியது மாதிரி கறுத்துக் கிடந்தது.

ஒருமுறை அந்தத் தராசைப் பார்க்க நான் மட்டும் போனேன். குடோன் ஷட்டர் இறக்கியிருந்தது, ஓரமெல்லாம் களிமண் பூசியிருந்தது. நான் ஷட்டரில் கை வைத்ததும் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

“எங்க போற? உள்ள மாத்திரை போட்டுக் கீது. செத்துகித்துத் தொலஞ்சேன்னா யாரு பதில் சொல்றது?”

மாத்திரை என்றால் தானியத்துக்கு வைக்கும் மாத்திரை. காற்றின் ஈரம் பட்டால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். வண்டு சாகும், எலி சாகும், ஆள் உள்ளே இருந்தால் ஆளும் சாவார். வாட்ச்மேனுக்கு என் மேல் இருந்த கோபம் முதலாளி மேல் திரும்பியது.

“அந்தக் காத்து செம்பத் தின்னுடும்மா. மாத்திரை போடறப்ப தராச வெளிய எடுத்து வெச்சா ஒண்ணும் ஆவாது. உங்க மொதலாளிக்கு இத்த எத்தினி வாட்டி சொல்லிக் கீறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குத் திரும்பியதும் கேட்டுவிட்டேன். முதலாளி கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“தெரியும். தெரிஞ்சா இன்னா? நான் அத்தச் சொல்லிட்டா, நாள மறுநாளு நம்மள யாரு கூப்புடுவா?”

அங்கே நான் அதிக காலம் இருக்கவில்லை.

2. மீதிப் பாதி

பிறகு டி.வி., மானிட்டர், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகப் பழகி லேப்டாப் மதர்போர்டுக்கு வந்து சேர்ந்தேன். சென்னையில் சிப் லெவல் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை பிடித்தேன். படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் “மெக்கானிக் இல்லிங்களா?” என்பார்கள். “வருவாரு, உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே லேப்டாப்பைக் கழற்றத் தொடங்குவேன். சிலருக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் புரியும்.

போர்டு டெட் என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? சுவிட்சை அழுத்தினால் லைட் எரியவில்லை. அவ்வளவுதான் அர்த்தம். அடாப்டரிலிருந்து வரும் பத்தொன்பது வோல்ட் முதலில் மாஸ்ஃபெட் என்ற இரண்டு குட்டி சுவிட்சுகளைத் தாண்ட வேண்டும். பிறகு அது மூன்று வோல்ட்டாகவும் ஐந்து வோல்ட்டாகவும் பிரிய வேண்டும். அந்த மூன்று வோல்ட்டில் ஐ.ஓ. சிப் விழித்துக்கொண்டு, நாம் எப்போது சுவிட்சை அழுத்துவோம் என்று காத்திருக்கும். இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் நின்றுபோயிருக்கிறது. மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனால் அந்த இடம் தெரியும். பாதி நேரம் கடுகளவு கெபாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். அதை எடுத்துப் போட்டால் போர்டு எழுந்து உட்காரும். அந்தக் கடுகுக்காக “போர்டு போச்சு, புதுசு வாங்குங்க” என்று ஜனங்களை அனுப்பிவைக்கிறார்களே, அவர்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நாடியைக்கூடப் பிடிக்காமல் போர்வையை இழுத்து மூடிவிடுகிறார்கள்.

எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. எதனால் நின்றது என்பது மீதிப் பாதி. அந்த மீதிக்கு யாரும் கூலி தருவதில்லை, அதனால் யாரும் செய்வதும் இல்லை. நல்ல கைவேலைக்காரர்கள்கூட கெபாசிட்டரை மாற்றிவிட்டு லைட் எரிந்ததும் மூடிக் கொடுத்துவிடுவார்கள். அது ஏன் ஷார்ட் ஆனது, எங்கே வைத்திருந்தார்கள், யார் கையில் இருந்தது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் நேரம் போகும். நான் கேட்பேன். வாயாடி என்று எனக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர் உண்டு, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

3. லூர்துசாமி கொண்டுவந்த பை

விழுப்புரத்தில் கடை போட்டுச் சில வருஷம் கழித்து நடந்தது இது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வல்லம் பக்கத்துக் கிராமத்திலிருந்து லூர்துசாமி என்றொருவர் வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலையும் உளுந்தும் போடும் விவசாயி. மகள் ரீட்டா விழுப்புரத்தில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்காக ஆடி மாதம் வாங்கிய புது லேப்டாப் ஆன் ஆகவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘லிக்விட் டேமேஜ். கேரண்டி செல்லாது.’

“டீ ஊத்திட்டான்னு சொல்றாங்க மேடம். கேட்டா, நான் ஊத்தவே இல்லன்னு சாதிக்கிறா. மாதா படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு, சத்தியம் பண்ணுடின்னேன். பண்ணிட்டா. பொய்ச் சத்தியம். அன்னியிலேர்ந்து நான் அவகிட்ட பேசறதே இல்ல.”

“எவ்ளோ நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

அந்த மனிதர் பொல்லாதவர் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மகளோடு பேசாமல் இருப்பதில் அவர்தான் இளைத்துப்போயிருந்தார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளை நம்பினார், பெற்ற பெண் மாதா முன்னால் சொன்னதை நம்பவில்லை. எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. அவர் மேல் பாதி, தாள் மேல் பாதி.

பையைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. பூண்டு உரித்த கை மாதிரி. சாப்பாட்டுப் பை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்தேன்.

டீ கொட்டினால் அதற்கு ஒரு வழி உண்டு. மேலிருந்து கீபோர்டு வழியாக இறங்கும். கீபோர்டுக்கு அடியில் பிசுபிசுப்பாகக் கறை இருக்கும். போர்டில் ஓரிடத்தில் தேங்கும், அங்கே பச்சைக் களிம்பு பிடிக்கும், சுற்றி ஒரு விளிம்பு தெரியும். தண்ணீர் போன பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். இந்த லேப்டாப்பின் கீபோர்டைக் கழற்றினேன். அடியில் துடைத்து வைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு கறை இல்லை. சர்வீஸ் சென்டரில் இதைக் கழற்றிப் பார்த்திருந்தாலே போதும்.

பிறகு ஃபேனைக் கழற்றினேன். பிராசஸர் சூட்டை வெளியே கொண்டுபோக ஒரு செம்புக் குழாய் இருக்கும். புது லேப்டாப்பில் அது பளபளவென்று இருக்க வேண்டும். இதில் கன்னங்கரேலென்று இருந்தது. போர்டை வெளியே எடுத்தேன். மேலும் கீழும், மூடி போட்டிருந்த இடத்துக்கு உள்ளேயும், ஸ்க்ரூ ஓட்டை வளையங்களிலும், செம்பு தலைகாட்டிய இடமெல்லாம் ஒரே சீராகக் கறுப்பு. தண்ணீர் இப்படி எல்லாப் பக்கமும் சமமாகப் போகாது. காற்றுதான் போகும்.

திண்டிவனத்துத் தராசுக் கார்டுகள் ஞாபகம் வந்தன. பூண்டு வாடையும் அப்போதுதான் உறைத்தது.

“வூட்ல இத்த எங்க வைப்பீங்க?”

“உளுந்து மூட்ட மேல மேடம். தார்ப்பா போட்டு மூடிக் கீறேன் இல்ல, அதுக்கு அடியில. ஓடு ஒழுவுது. தண்ணி படக் கூடாதுன்னுதான் அங்க வெச்சோம்.”

“மூட்டையில மாத்திரை வெச்சிருக்கீங்களா?”

“ஆமா. வெத உளுந்து, வண்டு வுழுந்துடும்னு மருந்துக் கடையில குடுத்தாங்க. பேப்பர்ல மடிச்சு.”

“எப்படி வைக்கணும்னு எதுனா சொன்னாங்களா?”

“மூட்டைக்கு நடுவுல வையின்னாங்க. கொஞ்ச நாளிக்கு ஒரு வாட்டி மாத்தச் சொன்னாங்க. மாத்திக்கினுதான் கீறேன்.”

“அந்த ரூம்ல யாரு படுப்பா?”

“பாப்பாதான். நடுவூட்டுல டி.வி. சத்தம், படிக்க முடியலன்னு அங்க பாயப் போட்டுக்கினா.”

“இப்ப பாப்பா எங்க?”

“வூட்லதான். தலவலி, வாந்தின்னு ரெண்டு நாளா காலேஜி போவல. எப்பப் பாரு அந்த லேப்டாப்பையே மொறச்சிக்கினு இருந்தா தல வலிக்காம இன்னா செய்யும்? லேப்டாப்பு போயி ஒரு மாசம் ஆவுது, இவளுக்குத் தலவலி மட்டும் போவல.”

சொல்லிவிட்டு அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழவே இல்லை. மூட்டைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது லேப்டாப். அதற்கு அடுத்துப் பக்கத்தில் இருந்தது ரீட்டாவின் பாய்.

4. போன்

“வூட்டுக்குப் போன் போடுங்க. ஜல்தி. அந்த மாத்திரைக் காத்து வெஷம், பாப்பாவ ரூம்லேர்ந்து வெளிய கூட்டினு வரச் சொல்லுங்க” என்றேன்.

அவர் மனைவி மேரி எடுத்தார். லூர்துசாமி நான் சொன்னதைப் பாதியும் அவருக்குப் புரிந்ததைப் பாதியுமாகச் சொன்னார். அந்தப் பக்கம் சண்டைக்கு வந்தது எனக்கே கேட்டது.

“தூறிக்கினு கீது, மூட்டைய எங்க கொண்டுபோயிப் போடறது? வெத உளுந்து. நனஞ்சா மொளச்சிடும்.”

போனைப் பிடுங்கினேன்.

“அம்மா, மூட்ட கெடக்கட்டும். பாப்பாவ எழுப்பி வெளிய கூட்டினு வாங்க. சன்னல் கதவெல்லாம் தொறந்து வுட்டுட்டு நீங்களும் வெளிய வந்துடுங்க.”

“நீங்க யாரு?”

“லேப்டாப் ரிப்பேர் பண்றவ.”



“லேப்டாப்பு ரிப்பேரு பண்றவங்க எதுக்கு எங்க பாப்பாவ எழுப்பச் சொல்றீங்க? இப்பதான் கண்ண மூடுச்சு.”

நியாயமான கேள்வி. வாயு, ரசாயனம் என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் கையால் தொட்ட ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

“அந்த ரூம்ல செம்பு, பித்தள எதுனா கறுத்துப் போச்சா?”

“மாதா படம் அங்கதான் கீது. முன்னாடி வெக்கிற மெழுவத்தி ஸ்டாண்டு, பித்தள. புளி போட்டுத் தேச்சித் தேச்சி என் கையே போச்சு. ரெண்டு நாள்ல திரும்பக் கறுத்துடுது. பெரிய பேஜாரு.”

“அத்தக் கறுப்பாக்குற காத்துதான்மா உங்க பொண்ணு மூச்சுல போவுது.”

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் “ரீட்டா, ஏ ரீட்டா” என்ற குரல். பதில் வரவில்லை. மறுபடி அதே குரல், இன்னும் உரக்க. லூர்துசாமி என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதையோ இழுக்கும் சத்தம், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடும் சத்தம். நான் என் போனில் நூற்றியெட்டுக்குப் போட்டு ஊரைச் சொன்னேன், மாத்திரை என்றும் சொன்னேன். மேரி திரும்ப வந்து போனை எடுத்தபோது மூச்சு வாங்கியது.

“வெளிய கொண்டாந்துட்டோம். மலங்க மலங்க முழிக்கிறா. வாந்தி எடுக்கிறா.”

அந்த ‘முழிக்கிறா’ என்ற ஒரு சொல்லுக்காக நான் அன்றைக்கு எதையும் கொடுத்திருப்பேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தூங்குகிறாள் என்று அப்படியே விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக லூர்துசாமி போனில் சொன்னார்.

5. மூன்று ஆப்ஷன்

இதற்குப் பிறகும் என் கோபம் அடங்கவில்லை. அந்த சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

“சாரி மேடம். ஆனா எங்க சிஸ்டம்ல மூணு ஆப்ஷன்தான் வரும். பிசிக்கல் டேமேஜ், லிக்விட் டேமேஜ், பர்ன்ட். இதுல ஒண்ண செலக்ட் பண்ணாதான் அடுத்த ஸ்க்ரீனுக்கே போவும்.”

“கறுத்துப் போச்சுன்னு தெரிஞ்சுதா இல்லியா உங்களுக்கு?”

“தெரிஞ்சுது மேடம். அதுக்கு ஆப்ஷன் இல்ல.”

அடுத்த ஸ்க்ரீனுக்குப் போக வேண்டுமாம். அதற்காக ஒரு பெண்ணைப் பொய்ச் சத்தியம் பண்ணினவள் ஆக்கிவிட்டார்கள். மருந்துக் கடைக்கு லூர்துசாமியே போய்க் கேட்டிருக்கிறார். “ஊரே வாங்கிக்கினு போவுது, உனக்கு மட்டும் இன்னா வந்துது?” என்று பதில் வந்ததாம். மூடி முத்திரை போட்ட டப்பாவில், மண்டை ஓடு போட்டு வரும் சரக்கு அது. ஆள் புழங்கும் வீட்டில் வைக்கவே கூடாதது. அதை உடைத்து, சுண்டல் மடிப்பது மாதிரி மடித்துக் கொடுத்துவிட்டு, உனக்கு மட்டும் என்ன என்று கேட்க ஒரு மனசு வேண்டும். திண்டிவனத்து முதலாளிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? யாருக்கும் தெரியாமல் இல்லை. சொன்னால் தன் வேலை நின்றுபோகும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டீ ஊற்றிவிட்டு ஊற்றவில்லை என்று புளுகும் கஸ்டமர்கள் உண்டு, நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் “நான் ஊத்தல” என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புங்கள், பிறகு மீட்டரை எடுங்கள். நம்பினால்தான் வேறு காரணத்தைத் தேடுவீர்கள். மூன்று ஆப்ஷனில் அடங்காத போர்டு ஒரு நாள் உங்கள் மேசைக்கும் வரும்.

அந்த லேப்டாப்பை நான் சரிசெய்யவில்லை. சரிசெய்ய முடியாது. போர்டின் அடுக்குகளை மேலும் கீழுமாக இணைக்கும் சின்னத் துளைகள் வரை செம்பு அரித்துப்போயிருந்தது. அதைச் சொல்லி, வந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னேன். கார்த்திகை பிறந்து அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். ரீட்டா ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைவலி போய்விட்டதா என்று கேட்டேன். தலையாட்டினாள். பிறகு அவளே கேட்டாள்.

“அக்கா, ஒரு வெசயம். நான் டீ ஊத்தலன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும். கீபோர்டக் கழட்டனப்பவே தெரியும்.”

“செத்துப் பொழச்சவன்னு ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. சாமியாரு வந்து ஜெபம் பண்ணாரு. டீ ஊத்தலன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல.”

லூர்துசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்.

“ஊத்தல பாப்பா. நீ ஊத்தல.”

“இங்க சொன்னா ஆச்சா? என்னைய எங்க நிக்க வெச்சுக் கேட்டீங்களோ அங்க வந்து சொல்லுங்கப்பா. நீங்க மாதா முன்னாடி நிக்கணும், நான் பக்கத்துல நின்னு கேக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பரிந்து பேசப்போவதில்லை என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும். எழுந்தார், செத்த லேப்டாப் இருந்த பையை அவரே தோளில் மாட்டிக்கொண்டார்.

“வா, பஸ்ஸு வந்துடும். வூட்டுக்குப் போன ஒடனே சொல்றேன்.”

“கால் கழுவிட்டுச் சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் முன்னால் படியிறங்கினாள்.